நெடுவங்குறிச்சியில் மறுபடி கேட்ட கேள்வி

1987 சித்திரையில் ஒரு காலை. அரியலூர் டவுனில் ஆராய்ச்சிக் குழு வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் முன்னறையில், அரங்கநாதன் நெடுவங்குறிச்சியிலிருந்து வந்த நாற்பது தாள்களை மேஜை மேல் பரப்பி வைத்துக்கொண்டு நின்றார். வேம்பு உள்ளே வந்ததும் உட்காரச் சொல்லக்கூட மறந்து, "இதைப் படிச்சுப் பாரு" என்றார்.

வேம்பு படித்தாள். முதல் தாளில், மரம் வைத்த பிறகு உங்கள் நிலைமை எப்படி என்ற கேள்விக்கு 'திருப்தி' என்று இருந்தது. இரண்டாவது தாளிலும் திருப்தி. மேய்ச்சலுக்கு இடைஞ்சல் உண்டா என்ற கேள்விக்கு 'இல்லை'. அதற்கடுத்த தாளிலும் 'இல்லை'. பாதிக்கு மேல் அவள் படிக்கவில்லை.

"நாற்பது வீட்டுலயும் ஒரே பதில் வருமா?" என்று கேட்டார் அரங்கநாதன்.

அவர் திருச்சியில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். ஏரிப் புறம்போக்குகளில் கருவேல மரம் வளர்க்கும் அரசாங்கத் திட்டம் ஊர் ஊராகப் பரவிக்கொண்டிருந்த நேரம் அது. ஓர் ஊர் எப்படி அதை ஏற்றுக்கொள்கிறது, பக்கத்து ஊருக்கு அது எப்படிப் போகிறது, போன இடத்தில் யாருக்கு நல்லது நடக்கிறது, யாருக்குக் கைவிட்டுப் போகிறது என்று கண்டறிவது அவர் எடுத்துக்கொண்ட வேலை. செந்துறை, உடையார்பாளையம் பக்கம் பன்னிரண்டு ஊர்களைப் பொறுக்கியிருந்தார். வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுத இரண்டு பேர். ஒருவன் குருநாதன். இன்னொருத்தி வேம்பு.

வேம்புக்கு அப்போது இருபத்தேழு வயது. எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள். முதியோர் கல்வி மையத்தில் மூன்று வருஷம் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தாள். கணவன் ராசாங்கம் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்தான். குடியிருப்பு செந்துறையில். அவள் குடும்பத்தில் கூலி வேலைக்குப் போகாத முதல் பெண் அவள்தான். அதனால் எதையும் இரண்டு தடவை சரிபார்த்த பிறகே எழுதுவாள். தப்பு நேர்ந்தால் தன்னோடு தன் ஆட்களையும் சேர்த்தே குறை சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

குருநாதன் சுவரோரம் நின்றான். முகம் கறுத்திருந்தது. "பஞ்சாயத்துத் தலைவரு அவரு வூட்டு வாசலுக்கே எல்லாரையும் வரச் சொல்லிட்டாரு சார். அலைச்சல் மிச்சம்னு நெனச்சேன்" என்றான்.

"அவர் எங்கே இருந்தார்?"

"நாற்காலி போட்டுப் பக்கத்துலதான் உக்காந்திருந்தாரு."

அரங்கநாதன் தாள்களை அடுக்கினார். மற்ற பதினொரு ஊர்களில் ஒன்பது ஊர்க்காரர்கள், "நெடுவங்குறிச்சியப் பாத்துட்டுதான் நாங்களும் வச்சோம்" என்று சொல்லியிருந்தார்கள். மற்ற ஊர்ப் பெரிய மனிதர்களை அதிகாரிகள் வேனில் ஏற்றிக் கொண்டுபோய்க் காட்டிய ஊர் அது. இன்னும் நாற்பது ஊர்களுக்குத் திட்டத்தை நீட்டுவதா, எந்த மாதிரி நீட்டுவது என்று ஆனி மாதம் மேலிடத்தில் முடிவெடுக்கப் போகிறார்கள். அதற்கு முன்பு இவருடைய முதல் அறிக்கை போக வேண்டும். எல்லா ஊருக்கும் வேரான ஊரில் பொய்யான பதில் வாங்கினால் மிச்சமெல்லாம் கோணலாகிவிடும்.

"நீ போய் மறுபடி கேளு. வீட்டுக்குள்ள போய், தனித்தனியா."

"சார், அது எங்க அம்மா ஊரு. காட்டுக் காவக்காரரு என் மாமா" என்றாள் வேம்பு.

அரங்கநாதனிடம் வேறு ஆள் இல்லை. "யார் பேரும் எழுத வேண்டாம், எண் மட்டும் போதும். சொந்தக்காரங்க வீடுன்னா தாளோட ஓரத்துல 'உறவு'ன்னு குறிச்சிடு. நீ நெனைக்கறதை எழுதாதே. அவங்க சொல்றதை எழுது."

*

முந்தின ஐப்பசியிலும் மழை சரியாகப் பெய்யவில்லை. நெடுவங்குறிச்சி ஏரியில் களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஆனால் ஏரியின் மேல்கோடியில் ஐந்து வருஷத்துக் கருவேலங்காடு கருகருவென்று நின்றது. சுற்றிலும் அகழி. ஒரே ஒரு வழி. அதில் முள் படல். படலுக்குச் சங்கிலியும் பூட்டும்.

வேம்பு முதலில் காலனியில் ஆண்டாயி வீட்டுக்குப் போனாள். ஆண்டாயி அவள் அம்மாவுக்குத் தோழி. ஐம்பது வயதிருக்கும். புருஷன் இல்லை. பதினோரு வெள்ளாடு வைத்துப் பிழைத்தவள். இப்போது நான்குதான் இருந்தன. அவையும் வேலியில் காய்ந்த சுள்ளியை மென்றுகொண்டிருந்தன.

"எழுதி என்னா பண்ணப் போற?" என்று கேட்டாள் ஆண்டாயி.

"பெரிய ஆபீசுக்குப் போவும் பெரியம்மா. பேரு போட மாட்டோம்."

"மொத தடவ வந்த தம்பியும் எழுதுனாரு. தலைவரு எதுக்க உக்காந்துகிட்டு, 'ஆண்டாயி, ஒனக்கு என்னா கொற?'ன்னாரு. நான் என்னாத்தச் சொல்ல?"

பிறகு அவளாகவே சொன்னாள். கன்று நட்ட வருஷம், ஆடு உள்ளே வரக்கூடாது என்றார்கள். சரி, சின்னக் கன்று, கடித்துவிடும், ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மரம் தலைக்கு மேல் போயிற்று. இப்போது ஆடு தின்னும் கருவேலங்காய் நெத்து கொட்டிக் கிடக்கிறது, அடியில் புல் காய்ந்து மக்குகிறது. ஆனாலும் படல் திறக்கவில்லை. எங்கள் ஆட்டுக்குத்தான் திறக்கவில்லை. தலைவரின் மைத்துனன் வைரக்கண்ணுவின் செம்மறி நூறும் தினம் மத்தியானம் உள்ளே போய் வருகின்றன. போன மாசம் அகழி தாண்டிப் போன என் ஆட்டை உன் மாமன்தான் பிடித்துக்கொண்டு போய்ப் பட்டியில் அடைத்தான்.

"அவன் கையாலயே அடைச்சான் வேம்பு. எங்க தெருவுல பொண்ணு எடுத்த குடும்பம்."

வேம்பு அப்படியே எழுதினாள். அன்று மத்தியானம் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, பையிலிருந்த திட்டத்தின் அச்சுத் தாளை எடுத்துப் படித்தாள். பல தடவை படித்த தாள்தான். ஐந்தாவது விதியில் கண் நின்றது. நட்ட மூன்று ஆண்டுக்குப் பின் ஊரார் மேய்ச்சலுக்குத் திறந்துவிடலாம். மூன்று ஆண்டு. இது ஐந்தாவது.

அவள் நேரே படலுக்குப் போனாள். மாமா தர்மன் படலுக்குப் பக்கத்தில் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குத் தினமும் சைக்கிளில் ஏற்றி அவளைச் செந்துறைக்குக் கொண்டுபோய் விட்டவர். காலனியில் அரசாங்கத்து வேலை கிடைத்த ஒரே ஆள். தற்காலிக வேலைதான். ஆனாலும் காக்கிச் சட்டை.

"மாமா, மூணு வருசத்துல தெறக்கணும்னு விதி இருக்கு. தெரியுமா உங்களுக்கு?"

அவர் நிமிரவில்லை. "ஆரு சொன்னா?"

"அச்சடிச்ச தாள்ல இருக்கு."

தீட்டிக்கொண்டே, "தெரியும்" என்றார். "ரெண்டு வருசத்துக்கு முன்ன ஆபீசரு வந்தப்பவே சொன்னாரு. தலைவரு, 'நீ வாயத் தொறக்காத, நான் பாத்துக்கறேன்'னாரு. தொறக்கல." அரிவாளைக் கீழே வைத்தார். "நீ இத எழுதுனா மொதல்ல போறது என் வேலைதான். அது ஒனக்குத் தெரியுமா?"

"நான் உங்கள எழுத வரல மாமா."

"நீ எத எழுதுனாலும் அங்க வந்துதான் நிக்கும்" என்றார் தர்மன். அரிவாளை மறுபடி எடுத்துக்கொண்டார்.

ஐந்து நாளில் நாற்பது வீடும் முடிந்தன. குடியானத் தெருவில் பலர் மரத்தால் நன்மை என்றே சொன்னார்கள். வெட்டு வந்தால் ஊருக்குப் பாதி கிடைக்கும், ஏரிக்கரை பலப்பட்டிருக்கிறது, விறகுக்கு அலைச்சல் குறையும் என்றார்கள். அதையும் அவள் ஒன்று விடாமல் எழுதினாள். காலனியிலும் ஆடு வைத்திருந்த மற்ற வீடுகளிலுமாகப் பதினேழு பேர் வேறு மாதிரி சொன்னார்கள். அந்தப் பதினேழில் ஒரு தாளின் ஓரத்தில் 'உறவு' என்று குறித்திருந்தாள். அது தர்மனின் மனைவி செல்வம்மாள் சொன்னது.

*

ஐந்தாம் நாள் தலைவர் கூப்பிட்டு அனுப்பினார்.

அய்யாக்கண்ணு போன வருஷத் தேர்தலில்தான் தலைவரானார்; ஆனால் நட்ட நாளிலிருந்தே காட்டுப் பொறுப்பு அவரிடம்தான். அந்தக் காட்டைக் காட்டித்தான் ஜெயித்தார் என்று ஊரே சொல்லும். அவர் வாசலில் நாற்காலியில் இருந்தார். வேம்பு எதிரே நின்றாள். உட்காரச் சொல்லவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை.

"ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம வூடு வூடா நொழையிறியாமே?"

"உங்க வூட்டுக்கும் வரணும்னுதாங்க ஐயா இருந்தேன். உங்க நம்பரும் இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. "நட்ட மொத வருசம் கோடையில கன்னு அத்தனையும் வாடுச்சு. ஆபீசருங்க கைய விரிச்சிட்டாங்க. நான் மாட்டு வண்டியில பீப்பா கட்டித் தண்ணி ஊத்துனேன். நாப்பத்தி மூணு நாளு. இந்தத் தோளு இன்னும் வலிக்குது. அது யாரு எழுதுவா?"

"நான் எழுதறேங்க ஐயா. நாப்பத்தி மூணு நாளுன்னே எழுதறேன்."

அது பொய்யில்லை என்று வேம்புக்கும் தெரியும். காலனிப் பெண்களே அதைச் சொல்லியிருந்தார்கள். பிறகு அவர் குரல் இறங்கியது. "வெளியூருல இருந்து இன்னும் ஆளுங்க பாக்க வரப் போறாங்க. இந்த நேரத்துல ஆட்டுக்காரி பேச்செல்லாம் எழுத்துல போச்சுன்னா ஊரு மானம் போவும். உங்க மாமன் வேல வருசா வருசம் என் கையெழுத்துலதான் ஓடுது. யோசன பண்ணிக்க."

வேம்பு தலையை மட்டும் அசைத்துவிட்டு வெளியே வந்தாள். பஸ் நிறுத்தம் காட்டுக்கு எதிரில், நூறு தப்படி தூரம். செந்துறை பஸ் வர இன்னும் கால்மணி நேரம். அங்கே ஏழெட்டுப் பேர் நின்றார்கள். பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

வைரக்கண்ணு சைக்கிளில் வந்தான். இறங்கினான். பையைப் பிடித்து இழுத்தான். அவள் விடவில்லை. பையின் காது அறுந்தது. உள்ளேயிருந்த தாள்கட்டை எடுத்து, நான்கைந்து தாளாகச் சேர்த்துச் சேர்த்துக் கிழித்தான். பொறுமையாக, கோழிக்கு இறகு பிடுங்குகிற மாதிரி. சித்திரைக் காற்று அந்தத் துண்டுகளை வாரிக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போயிற்று.

"இனிமே இந்தப் பக்கம் வந்த..." என்றான். முடிக்கவில்லை.

நின்றிருந்தவர்களில் ஒருவரும் அசையவில்லை. ஒருத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பஸ் வந்தது. கண்டக்டர் விசில் கொடுத்தார். வேம்பு காதறுந்த வெறும் பையோடு ஏறினாள். மச்சான் அய்யாக்கண்ணு சொல்லித்தான் வைரக்கண்ணு வந்தானா, தானாகவே வந்தானா என்பது கடைசிவரை அவளுக்குத் தெரியவில்லை.

*

"எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு சார்" என்றாள் வேம்பு அரியலூரில். "ஒக்காந்து எழுதுனா ரெண்டு நாள்ல நாப்பதும் எழுதிடுவேன்."

அரங்கநாதன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். "நீ எழுதுவே. நானும் நம்புவேன். ஆனா அது அவங்க பதில் இல்லை வேம்பு, உன் ஞாபகம். யாராவது கேட்டா நான் என்ன காட்டுவேன்?" எழுந்து ஜன்னலோரம் போனார். "போலீசில் சொல்லலாம். ஊரையே விட்டுவிட்டுப் பதினொரு ஊரோட முடிச்சுக்கலாம். உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் உன் வீட்டுக்காரருக்கு என்ன பதில் சொல்றது?"

போலீஸ் வந்தால் ஊரில் ஒருவரும் கதவு திறக்கமாட்டார்கள். ஊரை விட்டுவிட்டால் குருநாதன் வாங்கின நாற்பது திருப்தியே ஊரின் பதிலாக நின்றுவிடும். வேம்பு ராத்திரியெல்லாம் இதையே புரட்டிப் பார்த்தவள். "விடாதீங்க சார். நான் மறுபடி கேக்கறேன்" என்றாள்.

"நான் கூட வரேன்."

"நீங்க வந்தா உங்ககிட்ட பேசுவாங்க. உங்களுக்குப் பிடிச்சத பேசுவாங்க."

ராசாங்கம் கோபக்காரன். வைரக்கண்ணுவைப் போய்ப் பார்க்கிறேன் என்றுதான் முதலில் குதித்தான். அவள் ஒரே பிடியாகத் தடுத்தாள். கடைசியில், சுரங்கத்தில் லீவு சொல்லிவிட்டு அவளோடு பஸ் ஏறினான். பஸ் நிறுத்தத்துப் புளியமரத்தடியில் உட்கார்ந்துகொள்வது, ஊருக்குள் வருவதில்லை என்று பேச்சு.

முதல் வீட்டில், "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார்கள். அடுத்த வீட்டிலும் அதே. போன வாரம் கண்ணில் நீர் வரப் பேசிய பெண்கள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "ஒரு கொறையும் இல்ல, எழுதிக்க" என்றார்கள். வேம்பு எழுதிக்கொண்டாள். நீ நினைப்பதை எழுதாதே என்று அரங்கநாதன் சொன்னது ஒவ்வொரு தாளிலும் உறுத்தியது.

ஆண்டாயி வீட்டில் இப்போது மூன்று ஆடுகள்தான் இருந்தன.

"பெரியம்மா, மேய்ச்சலுக்கு எடஞ்சல் உண்டா?"

"இல்ல" என்றாள் ஆண்டாயி.

வேம்பு அவளைப் பார்த்தாள். ஆண்டாயி தரையைப் பார்த்தாள். "எழுது. நான் இந்த ஊருல இருக்கணும். நீ பஸ் ஏறிப் போயிருவ."

வேம்பு 'இல்லை' என்று எழுதினாள். எழுதிவிட்டு வெளியே வந்து அடிபம்பு மேடையில் உட்கார்ந்தாள். அதற்கு மேல் நடக்க முடியவில்லை. வெயில் உச்சிக்கு வந்திருந்தது. தண்ணீருக்குக் குடம் வைத்து வரிசையில் நின்ற பெண்கள் அவளோடு பேசவில்லை. பம்பு அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

அப்போதுதான் தர்மன் வந்தார். காக்கிச் சட்டை போட்டிருந்தார். கையில் ஒரு துணி முடிச்சு. நேரே அவளிடம் வந்து அவிழ்த்தார். உள்ளே கிழிந்த தாள் துண்டுகள். காற்று அவற்றைக் கொண்டுபோய் அவருடைய காட்டுக் கருவேல முள்ளில்தான் சொருகியிருந்தது. நான்கு நாளாகப் பொறுக்கியிருக்கிறார்.

அதில் ஒரு துண்டை எடுத்துக் காட்டினார். ஓரத்தில் 'உறவு' என்று இருந்தது. அவர் ஐந்தாம் வகுப்பு படித்தவர். எழுத்துக் கூட்டி, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி வாசித்தார்: "'காவக்காரன் யாருக்குத் தொறக்கறான், யாருக்குப் பூட்டறான்னு ஊருக்கே தெரியும். அவன் சோத்துலதான் நானும் திங்கறேன், அதனால வாய மூடிக்கிட்டிருக்கேன்.'"

வரிசையில் நின்ற செல்வம்மாள் கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்தாள்.

"இது நீ சொன்னதா?" என்று கேட்டார் தர்மன்.

செல்வம்மாள் வெளிறிப் போனாள். ஆனால் பின்வாங்கவில்லை. "நான் சொன்னதுதான்."

பம்பு அடித்தவள் நிறுத்திவிட்டாள். அடுத்து அடி விழும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். வேம்பு எழுந்து நடுவில் போய் நின்றாள். தர்மன் மனைவியை வெகு நேரம் பார்த்தார். பிறகு வேம்பு பக்கம் திரும்பினார்.

"என்னையும் எழுது."

"மாமா, லிஸ்டுல வூட்டுக்கு ஒரு நம்பர்தான், அது அத்தைக்குப் போயிருச்சு..."

"லிஸ்டு கெடக்கட்டும். எழுது. மூணு வருசத்துல தொறக்கணும்னு ஆபீசரு சொன்னது எனக்குத் தெரியும். தொறக்கல. நூறு செம்மறிக்குத் தொறந்து விட்டது நான்தான். ஆண்டாயி ஆட்டப் புடிச்சதும் நான்தான். பேரோட எழுது."

"பேரு எழுதக் கூடாது மாமா. நம்பர்தான்."

"எவ நம்பரோ போட்டு எழுதுனா நாளைக்கு யாரு சொன்னான்னு தேடிக்கிட்டு இவளுங்கள வந்து மெரட்டுவானுங்க. தர்மன்னு எழுது. தகப்பன் பேரும் போடு."

வேம்பு ஒரு வெள்ளைத் தாள் எடுத்து எழுதினாள். அவர் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு மனைவியையும் பார்க்கவில்லை, வேம்பையும் பார்க்கவில்லை. காட்டைப் பார்த்து நடந்துவிட்டார்.

சாயங்காலப் பஸ் வருவதற்குள் ஆண்டாயியும் இன்னும் பதின்மூன்று பேரும் வந்தார்கள். முன்னே சொன்னதை அடித்துவிட்டு வேறு எழுதச் சொன்னார்கள். வேம்பு அடிக்கவில்லை. காலையில் சொன்னதைக் காலை நேரம் போட்டு அப்படியே விட்டுவிட்டு, அதற்குக் கீழே மாலையில் சொன்னதை எழுதினாள். முன்பு பேசிய பதினேழு பேரில் மூன்று பேர் கடைசிவரை வரவில்லை. அவர்கள் தாளில் 'திருப்தி' என்றே இருந்தது. புளியமரத்தடியிலிருந்து ராசாங்கம் எழுந்து வந்து தாள்கட்டை வாங்கிக்கொண்டான். அன்றைக்கு யாரும் அவர்களை மறிக்கவில்லை.

*

அரங்கநாதன் அந்தத் தாள்களை இரண்டு நாள் புரட்டிப் பார்த்தார். ஒரே ஆள், ஒரே கேள்வி, ஒரே நாள், இரண்டு பதில். வாசலில் ஒரு பதில், வீட்டுக்குள் ஒரு பதில், பயந்தபோது ஒரு பதில், ஒருவன் முன்னால் வந்து நின்றபோது ஒரு பதில். "இது பிழை இல்லை வேம்பு. இதுதான் கண்டுபிடிப்பு" என்றார். ஓர் ஊர் ஒப்புக்கொண்டது என்று சொல்வதற்கு முன்னால் அந்த ஒப்புதலை யார் முன்னால் நிறுத்தி வாங்கினோம் என்று பார்க்க வேண்டும். மரம் பரவுகிறபோது அகழியும் பூட்டும் சேர்ந்தே பரவுகின்றன. இப்படி ஒரு பக்கம் எழுதினார். தலைவர் நாற்பத்து மூன்று நாள் தண்ணீர் ஊற்றியதையும் வேம்பு கேட்டுக்கொண்டபடி சேர்த்தார்.

அந்தப் பக்கத்தைப் பெரிய ஆபீசில் யார் படித்தார்கள் என்று தெரியாது. ஆனால் ஆவணியில் ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். அச்சுத் தாளைக் காட்டி, படலைத் திறக்கச் சொல்லிவிட்டுப் போனார். அதற்குள் காலனியில் பாதி ஆடுகள் கைமாறிப் போயிருந்தன. ஆண்டாயியிடம் ஓர் ஆடு மிச்சம். அதை அவள் உள்ளே ஓட்டிக்கொண்டு போனபோது வைரக்கண்ணு ஏரிக்கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

தர்மனின் வேலை அதற்கு முன்பே போய்விட்டது. காவல் நேரத்தில் ஆளைக் காணவில்லை என்று காரணம் எழுதினார்கள். அவர் ராசாங்கத்தோடு சுரங்கத்துக்குக் கல் உடைக்கப் போனார். வேம்பு வீட்டு வழியாகத்தான் தினமும் போவார். உள்ளே வரமாட்டார். ராசாங்கத்தை வெளியில் நின்றே கூப்பிடுவார். அவள் வாசலுக்கு வந்தால் சைக்கிள் செயினைக் குனிந்து பார்ப்பார். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படிப் போயிற்று. அவ்வளவு காலமும் தான் செய்தது சரிதானா என்று வேம்பு கேட்டுக்கொள்ளாத நாளில்லை. சரி என்றுதான் ஒவ்வொரு தடவையும் தோன்றும். ஆனாலும் அவர் சைக்கிள் மணி கேட்டால் கையிலிருக்கும் வேலை நின்றுவிடும்.

மறு வருஷம் பங்குனியில் ஆனைவாரி என்ற ஊரில் புதிதாக மரம் வைப்பதற்குக் கூட்டம் போட்டார்கள். வேம்பு ஓரமாக உட்கார்ந்து, யார் பேசுகிறார்கள், யார் பேசவில்லை என்று குறித்துக்கொண்டிருந்தாள். அவள் வேலை அதுதான். அபிப்பிராயம் சொல்லக் கூடாது. கண்ணகி என்ற ஆட்டுக்காரப் பெண் கூட்டத்தின் நடுவில் எழுந்து நேரே அவளைக் கேட்டாள்: "அக்கா, நீங்க நெடுவங்குறிச்சிப் பொண்ணாமே. மரம் வைக்கலாமா, வேணாமா? சொல்லுங்க."

கூட்டம் அவள் பக்கம் திரும்பியது. வேம்பு நோட்டை மூடி வைத்தாள். "நான் சொல்லக் கூடாதும்மா. ஆனா பூட்டும் சாவியும் எத்தன வருசத்துக்கு, யாருகிட்டன்னு கேட்டுக்கறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு" என்றாள்.

அதற்குப் பிறகு மூன்று மணி நேரம் சண்டை. தெற்கே ஒரு வண்டிப்பாதை அகலத்துக்கு மேய்ச்சலுக்கு விட்டுவிட்டு மிச்சத்தில் நடுவது, மூன்று வருஷம் கழித்துத் திறப்பது, ஆட்டுக்கார வீட்டிலிருந்து இரண்டு பெண்கள் சேர்ந்து சாவி வைத்துக்கொள்வது என்று எழுதி, கையெழுத்தும் ரேகையும் வைத்தார்கள். ஆபீசர் முகம் சுளித்தார். ஒப்புக்கொண்டார். அடுத்த இரண்டு வருஷத்தில் அந்தப் பக்கம் நான்கு ஊர்களில் அதே மாதிரி எழுதினார்கள். வேறு மூன்று ஊர்களில் பழையபடியே அகழி வெட்டிப் பூட்டினார்கள். வேம்பு ஏழு ஊரையும் எழுதிக்கொண்டாள்.

ஆனைவாரிக் கூட்டத்துக்கு அடுத்து வந்த தை கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தர்மன் வேம்பு வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினார். ராசாங்கம் வீட்டில் இல்லை. அவர் திரும்பிப் போகவில்லை.

"நெத்து ஏலம் வுடப் போறானுங்களாம், தனியாளுக்கு" என்றார், கதவைப் பார்த்துக்கொண்டே. "காலனிக்குப் பங்கு வேணும்னு மனு கொடுக்கணும். பொம்பளைங்க அம்பது பேரு ரேக வைக்கறேன்னு சொல்லிட்டாங்க. ஒங்க அத்ததான் அலைஞ்சு சேத்தா."

வேம்பு பாயை விரித்தாள். அவர் உட்காரவில்லை. அவள் தாளை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"யாருக்கு மாமா எழுதறது?"

"கலெக்டருக்கு" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "தலைவருக்கும் ஒரு நகல் வையி. ஒளிச்சு வச்சுச் செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார்.